என்விடியாவுக்கு ஆபத்து எங்கிருந்து?

கேள்வி: ஏஐ சிப் விற்பதில் முன்னணியில் இருக்கும் என்விடியாவுக்குப் போட்டியாக, இன்னொரு அமெரிக்க சிப் நிறுவனமான ஏஎம்டி புதுப்புது சிப்களை இறக்குகிறது. சீனாவில் ஹுவாவேயும் கிளம்பிவிட்டது. என்விடியாவின் ஆட்டம் முடிந்ததா?

பதில்: ஆட்டம் முடியாது. ஆனால் கொள்ளை லாபம் குறையும். அதைக் குறைக்கப்போவது நீங்கள் சொன்ன இரண்டு பேருமல்ல, என்விடியாவிடம் சிப் வாங்குகிறவர்கள்.

2025 நிதியாண்டில் என்விடியாவின் மொத்த லாப விகிதம் 75 சதவீதம். அதாவது 100 டாலருக்கு விற்றால் அதில் அடக்கச் செலவு 25 டாலர்தான். வாங்குகிறவர்களுக்கு மட்டும் கணக்குத் தெரியாதா என்ன? கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட், மெட்டா நான்குமே சொந்த சிப் வடிவமைப்பில் இறங்கிவிட்டன. கூகுள் இதில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். ஏஐ கணக்குகளுக்கென்றே அது வடிவமைத்த டிபியு சிப் 2015-லேயே டேட்டா சென்டர்களில் ஓடத் தொடங்கிவிட்டது. 2016-ல் கோ என்ற பலகை ஆட்டத்தில் கொரிய வல்லுநர் லீ செடோலைத் தோற்கடித்த ஆல்ஃபாகோ என்ற ஏஐ இயங்கியதும் டிபியுவில்தான்.

பிறகு ஏன் எல்லோரும் என்விடியா வாசலிலேயே நிற்கிறார்கள்? குடா! என்விடியா சிப்களுக்கு நிரல் எழுத 2006-ல் அறிமுகமான இந்த மென்பொருள் தளத்திலேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிப் பழகிவிட்டார்கள். ஏஎம்டி சிப்பில் பைடார்ச் என்ற ஏஐ மென்பொருளை ஓட்டினாலும் நிரலில் 'குடா' என்றுதான் குறிப்பிட வேண்டும். அப்போதுதான் ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்கள் திருத்தாமல் ஓடும். போட்டியாளரே எதிராளியின் பெயர்ப்பலகையைத் தன் கடையில் மாட்டிவைத்திருக்கிறார், பாவம்.

ஆனால் ஏஐ மாடலை உருவாக்கும்போதுதான் இந்தப் பிடி இறுக்கமானது. அங்கே தினமும் எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும். உருவாக்கி முடித்து, கோடிக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்ல வைக்கும்போது ஒரே மாதிரியான கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் வேலை. அதற்கென்றே செய்த மலிவான சிப் போதும். மாடலும் மென்பொருளும் சிப்பும் சொந்தமாக வைத்திருக்கும் கூகுளுக்குக் குடா எதற்கு?

ஹுவாவே கதை வேறு. சீனாவுக்கு உயர்ரக சிப்களை விற்க 2022 அக்டோபரிலிருந்து அமெரிக்கா போட்டுவரும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் அதற்கு உள்ளூர்ச் சந்தையைத் திறந்துவிட்டன. அது அரசியல், அவ்வளவுதான்.

இன்டெல் பட்டதைப் பாருங்கள். கணினி சிப் செய்யும் அந்த நிறுவனம் காலமெல்லாம் ஏஎம்டியோடு மல்லுக்கட்டியது; அடி விழுந்ததோ வாடிக்கையாளரிடமிருந்து. 2006 முதல் மேக் கணினிகளுக்கு இன்டெல் சிப் வாங்கிவந்த ஆப்பிள், 2020-ல் எம்1 என்ற சொந்த சிப்போடு நடையைக் கட்டியது. அதைத் தயாரித்துக் கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி. என்விடியாவின் உயர்ரக ஏஐ சிப்களும் டிஎஸ்எம்சியில்தான் தயாராகின்றன. கூகுளும் அமேசானும் தங்கள் சிப்களுக்கு அதே வாசலில்தான் நிற்கின்றன.