கால்பந்தில் ‘ஜர்னிமேன்’ முன்கள வீரர் என்று யாரைச் சொல்கிறார்கள்? அவர் ஏன் ஓர் அணியில் நிலைப்பதில்லை?

தொழில்முறைக் கால்பந்தில் எந்த ஓர் அணியிலும் நெடுங்காலம் தங்காமல், ஓரிரு பருவங்களுக்கு ஒருமுறை வேறு அணிக்குச் சென்று கோல் அடிக்கும் வீரரையே இச்சொல் குறிக்கிறது. தொழில் பழகி முடித்து நாட்கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் அது.

இதன் அடிப்படைக் காரணம் கோலின் அருமைதான். கோல் வறட்சியில் தவிக்கும் அணிக்கு இளைஞர் ஒருவரைப் பயிற்றுவித்து வளர்க்க நேரம் இருப்பதில்லை. ஆகவே அனுபவமுள்ள ஒருவரைக் குறுகிய ஒப்பந்தத்திலோ, வேறு அணியிலிருந்து இரவலாகவோ அழைத்துக்கொள்கிறது. பயிற்சியாளர் மாறினாலோ பணம் குறைந்தாலோ முதலில் விடுவிக்கப்படுபவரும் பெரும்பாலும் அவரே. முகூர்த்த நாட்களில் மண்டபம் மண்டபமாக அழைக்கப்படும் சமையற்காரரின் நிலை இதற்கு நெருக்கமானது.

உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு இதற்குச் சிறந்த சான்று. 1990களின் நடுவில் உருகுவேயின் டிஃபென்சர் ஸ்போர்ட்டிங் அணியில் தொடங்கிய அவர், ஸ்பெயினின் லா கொருன்யா அணியில் நிலைகொள்ள முடியாமல், பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா எனப் பல நாடுகளில் ஆடினார். 2017இல் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருடைய 26ஆவது அணியாகி, கின்னஸ் சாதனையானது. ஒவ்வொரு முறையும் புதிய சக வீரர்களின் ஓட்டத்தையும் பந்து கொடுக்கும் பாங்கையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும் இந்த உழைப்பு போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

அடிக்கடி அணி மாறுபவர் திறமை குறைந்தவர் என்ற எண்ணம் தவறு: உருகுவேக்காக 70 ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்த அப்ரேயுதான், 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை, பந்தை மெல்லத் தூக்கிவிட்டுக் கோலாக்கி, அணிக்கு வெற்றி தேடித் தந்தார்.