செங்கோட்டைக் காற்றுக்கு எந்தத் துணிக்கொடிக் கம்பம்?
துணி காயப்போடும் கொடிக்கு நட்ட சவுக்குக் கம்பு அடி உளுத்துச் சாய்ந்துவிட்டது, தென்காசி பக்கம் செங்கோட்டையில் வீடு, இனி எதை நடலாம் என்று கேட்டிருந்தீர்கள். மரம் வேண்டவே வேண்டாம். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் ஈரப் போர்வை பாய்மரம் மாதிரி இழுக்கும், அதைத் தாங்க 2 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், மீடியம் கனத்தில், 9 அடி வாங்கி 2½ அடி மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். குழி 1 அடி அகலம் இருக்கட்டும், அடியில் கொஞ்சம் ஜல்லி கொட்டி, கம்பத்தை வெளிப்பக்கமாகத் துளி சாய்த்து கான்கிரீட் போட்டு, மேற்பரப்பைச் சரிவாகப் பூசிவிடுங்கள், ஏனென்றால் தண்ணீர் தேங்கினால் பைப்பும் அந்த இடத்தில்தான் துருப்பிடிக்கும். மேல்வாய்க்கு மூடி அவசியம். கான்கிரீட்டை ஒரு வாரம் தண்ணீர் விட்டு நனைத்த பிறகே கொடி கட்டுங்கள். அப்புறம், இரண்டு கம்பங்களுக்கு நடுவே இடைவெளி 20 அடியைத் தாண்ட வேண்டாம், தொய்கிறதே என்று கொடியை இறுக்க இறுக்கத்தான் கம்பம் சாய்கிறது.