தெருநாய்க் குடற்புழுக்கள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: தெருவில் பிறந்த நாய்க்குட்டிகளோடு என் நான்கு வயது மகள் விளையாடுகிறாள். குட்டிகளுக்கு வயிறு உப்பியிருக்கிறது. அவளுக்கும் பூச்சி வந்துவிடுமா டாக்டர்?

பதில்: உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் உருண்டைப்புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாக்சோகாரா கேனிஸ் என்ற இந்தப் புழு, தாய் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் புகுந்துவிடுகிறது. பிறந்த பின் தாய்ப்பாலிலும் வருகிறது. அதனால் பெரிய நாய்களைவிடக் குட்டிகளின் கழிவில்தான் முட்டைகள் அதிகம்.

ஆனால் அன்றன்று போடும் கழிவிலுள்ள முட்டை உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே இளம்புழு வளர வேண்டும். கழிவு மழையில் கரைந்து மறைந்த பின்னும் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே குட்டியைத் தொட்டுக் கொஞ்சுவதைவிட, அந்த மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைப்பதுதான் கூடுதல் ஆபத்து.

மனிதக் குடலில் இது முழுப் புழுவாக வளர்வதில்லை. இளம்புழுக்கள் குடல் சுவரைத் துளைத்து ஈரல், நுரையீரல் என்று அலையும். பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், இருமல், இளைப்பு, ஈரல் வீக்கம் வரும். அபூர்வமாகக் கண்ணுக்குள் போய் விழித்திரையைக் கெடுக்கும். ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ, மாறுகண் போலத் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

மகளைக் குட்டிகளிடமிருந்து பிரிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், குட்டிகளுக்கு மருந்து கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சானிடைசர் இந்த முட்டைகளைக் கொல்லாது.

கேள்வி: மலப் பரிசோதனையில் புழு இல்லை என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: டாக்சோகாராவுக்கு அந்தப் பரிசோதனை உதவாது. குடலில் முட்டையிடும் புழுவே இல்லாதபோது மலத்தில் முட்டை எப்படி வரும்? ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றனவா, எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். குழந்தைக்கு நாய்க்குட்டிகளோடு பழக்கம் உண்டு, மண் தின்கிறது என்பதையெல்லாம் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரவில் பையன் ஆசனவாயைச் சொறிகிறான். தெருநாய்தான் காரணமா?

பதில்: இல்லை. அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவும். நாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தேன். பாதத்தில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து நீள்கிறது. தாங்க முடியாத அரிப்பு.

பதில்: நாய், பூனைகளின் கொக்கிப்புழுவாக இருக்கலாம். மண்ணிலுள்ள இளம்புழு தோலைத் துளைத்து நுழைந்துவிடும். மனிதத் தோலுக்குள் மேலும் ஆழமாகப் போக வழி தெரியாமல் மேலாகவே ஊர்ந்து திரியும். சில வாரங்களில் தானாகச் சாகும். ஆனால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள், ஐவர்மெக்டின் அல்லது அல்பெண்டசோல் கொடுப்பார். இதே புழு குட்டிகளின் குடலில் ரத்தம் குடித்து அவற்றைச் சாகடிக்கிறது. ஈறு வெளுத்த குட்டியைக் கண்டால் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: இறைச்சிக் கழிவைத் தெருநாய்களுக்குப் போடுவது தப்பா?

பதில்: தப்புதான். வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இது. ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளரும். நாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதன் முட்டை மண்ணில் காத்திருக்க வேண்டியதில்லை; வெளியே வந்ததுமே தொற்றும், நாயின் ரோமத்திலும் ஒட்டியிருக்கும். மனிதர் விழுங்கிவிட்டால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் பெருக்கும். உடைந்தால் கடும் ஒவ்வாமை வந்து உயிரே போகலாம்.

கட்டியுள்ள ஈரலைச் சாப்பிடுவதால் மனிதருக்கு இது வருவதில்லை, நாய் வழியாகத்தான் வரும். எனவே தடுக்க வேண்டிய இடம் ஆடுமாடு வெட்டும் கூடம். கழிவை எரிக்க வேண்டும், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

கேள்வி: தினமும் சில தெருநாய்களுக்கு உணவு வைக்கிறேன். பூச்சி மாத்திரையைப் பொடித்து அதில் கலந்துவிடலாமா?

பதில்: மொத்தமாகக் கலக்காதீர்கள். ஒரு நாய் எல்லாவற்றையும் தின்றுவிடும், இன்னொன்றுக்கு எதுவும் கிடைக்காது. எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உருண்டையில் வைத்து, விழுங்குகிறதா என்று நின்று பாருங்கள். பைரன்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் போதும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் சேர வேண்டும். குட்டிகளுக்கு 2 வார வயதில் தொடங்கி 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. பெரிய நாய்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. மருந்து கொடுத்த சில நாட்களுக்குக் கழிவை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

தாயின் தசையில் உறங்கும் இளம்புழுக்களைச் சாதாரண மாத்திரை கொல்லாது. சினைப்படும்போது அவை விழித்துக் குட்டிகளுக்குப் போகும். அதனால் உங்கள் பராமரிப்பிலுள்ள பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்ய வைத்தால், பல மாத்திரைகள் செய்யாததை அது செய்யும்.