குடலில் ரத்தக்கசிவு: ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

அப்பாவுக்கு 72 வயது. மலத்தோடு ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது. ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் படம் பிடிப்பது) செய்து அடைக்கலாம் என்கிறார்கள். வயிற்றைத் திறக்காமல் எப்படி முடியும் டாக்டர்?

தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைப்போம். பெருங்குடலின் வலப்பக்கத்துக்கு ஒரு தமனி, இடப்பக்கத்துக்கு வேறொன்று. அவற்றில் எக்ஸ்ரேயில் தெரியும் காண்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தினால், கசியும் இடத்தில் அது குடலுக்குள் கொட்டுவது திரையில் தெரியும். பிறகு ஒரு மில்லிமீட்டரை விட மெல்லிய மைக்ரோ கதீட்டர் என்ற குழாயை அந்தக் கிளை வரை கொண்டுபோய், பிளாட்டினம் சுருள் கம்பி (காயில்) வைத்து அடைப்போம். சில நேரம் பசை, நுண்துகள்களும் உதவும்.

ரத்தம் போகாவிட்டால் குடல் அழுகிவிடாதா?

நியாயமான பயம். 1970களில் இதே காரணத்துக்காக மருத்துவர்களே தயங்கினார்கள். அன்றைய குழாய்கள் தடிமன், பெரிய கிளையைத்தான் அடைக்க முடிந்தது. குடலின் ஒரு துண்டே பட்டினி கிடந்தது. மைக்ரோ கதீட்டர் வந்த பிறகு குடல் சுவரை ஒட்டிய சிறு கிளையை மட்டும் அடைக்கிறோம். பக்கத்துக் கிளைகள் அந்த இடத்தைக் காப்பாற்றிவிடும். இருந்தாலும் நூற்றில் சிலருக்குப் பாதிப்பு வரத்தான் செய்கிறது. சிகிச்சைக்குப் பிறகு வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே சொல்லுங்கள், பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

எனக்கு ஆஞ்சியோவில் ஒன்றுமே தெரியவில்லை. வீண்தானா?

வீண் இல்லை அம்மா. இந்தக் கசிவு விட்டு விட்டு வரும். நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டராவது கசிந்தால்தான் ஆஞ்சியோவில் பிடிபடும். சிடி ஸ்கேனில் ரத்தக்குழாயைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோ அதைவிடக் குறைந்த கசிவையும் காட்டிவிடும், அதனால் முதலில் அதைச் செய்கிறோம். என் ஆதங்கமே இதுதான்: ரத்தம் போகும்போதே வாருங்கள். "விடியட்டும்" என்று காத்திருந்தால் இடம் மறைந்துவிடும்.

ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி போதாதா?

நாடியும் ரத்த அழுத்தமும் சீராக இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். குடல் சுவரில் பை போல் துருத்தும் டைவர்டிகுலாவிலிருந்து வரும் கசிவு நாலில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடும். மயக்கம், அழுத்தம் சரிவு என்றால் கொலோனோஸ்கோபிக்காகக் குடலைச் சுத்தம் செய்ய நேரமில்லை, சிடி ஆஞ்சியோதான்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் ஐயா. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவு செய்வோம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ அதையும் சொல்லுங்கள், காண்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

மறுபடி வருமா?

சிலருக்கு வரும். அப்போது மீண்டும் அடைக்கலாம், சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். வைத்த சுருள் கம்பி உள்ளேயே இருக்கும், எடுக்க வேண்டாம்.