சப்நாட்டிகாவில் தொடக்கத்திலேயே மூச்சு தீர்ந்து சாகிறேன். கதாபாத்திரத்துக்கான அப்கிரேடுகளை எங்கே தேடுவது, எதை முதலில் செய்வது?

முதலில் ஒரு தெளிவு. இது 2018இல் முழுமையாக வெளிவந்த முதல் சப்நாட்டிகா என்ற கடலடி விளையாட்டுக்கான பதில். 2021இல் அதன் தொடர்ச்சியாக வந்த பிலோ ஜீரோவில் வரைபடமும் பொருட்களும் வேறு. அதை விளையாடுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏற்றும் வேலை இந்த விளையாட்டில் கிடையாது. உங்கள் ஆள் முதல் நிமிடத்தில் எப்படி இருந்தாரோ கடைசிவரை அப்படியேதான். மாறுவதெல்லாம் அவர் மாட்டிக்கொள்ளும் சாதனங்கள்: தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, முதுகில் ஒரு டேங்க், கூடவே இரண்டு சிப். ஆகவே "அப்கிரேடு எங்கே கிடைக்கும்" என்பதைவிட "எந்தக் கனிமம் எங்கே கிடைக்கும்" என்று கேட்பதுதான் பயன்படும். தொடக்கத்துக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை லைஃப்பாட்டில் (ஆட்டம் தொடங்கும் உயிர்காப்புக் கலம்) இருக்கும் ஃபேப்ரிகேட்டரிலேயே (மூலப்பொருளைச் சாதனமாக்கும் இயந்திரம்) செய்துவிடலாம்.

டேங்க் இல்லாமல் உங்களுக்கு இருப்பது 45 விநாடி மூச்சு. ஸ்டாண்டர்ட் டேங்க் மாட்டினால் 75, ஹை கெபாசிட்டி டேங்க் மாட்டினால் 135. முதல் மணி நேரத்தில் இதைவிடப் பெரிய மாற்றத்தை வேறு எந்தச் சாதனமும் தராது. 45இல் இறங்கி ஏறுவதற்கே நேரம் போய்விடும். 135இல் ஒரு குகைக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்து, பாறையை உடைத்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம்.

ஸ்டாண்டர்ட் டேங்குக்கு 3 டைட்டேனியம் போதும். அதற்குச் சுண்ணாம்புப் பாறையைத் தேடி அலையாதீர்கள். லைஃப்பாட்டைச் சுற்றி மணலில் கிடக்கும் மெட்டல் சால்வேஜ் ஒன்றை எடுத்து வந்து ஃபேப்ரிகேட்டரில் போட்டால் 4 டைட்டேனியம் கிடைக்கும். குகைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கட்டிகளைச் செம்புக்காக உடையுங்கள். அதில் டைட்டேனியமோ செம்போ, இரண்டில் ஒன்று வரும். செம்பு வரும்வரை உடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இரண்டாவது வேலை ஸ்கேனர்: 1 பேட்டரி, 1 டைட்டேனியம். பேட்டரிக்கு 2 ஆசிட் மஷ்ரூம், 1 செம்பு. ஊதா நிறக் காளான்கள் காலடியிலேயே கூட்டமாக நிற்கும். ஸ்கேனரை உடனே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஸ்கேன் செய்தால்தான் சில சாதனங்களின் வரைவு, அதாவது செய்முறை, திறக்கும். அது கையில் இல்லாமல் கெல்ப் காட்டுக்குப் போனால், சீகிளைடு (நீந்த உதவும் மோட்டார்) துண்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி, அதே இடத்தை மறுபடி தேடிப் போக வேண்டியிருக்கும்.

கெல்ப் காடு என்பது உயரமான கிரீப்வைன் கொடிகள் நிற்கும் பச்சைநிறப் பகுதி. லைஃப்பாட் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆழமற்ற பகுதிக்குள் வெவ்வேறு இடத்தில் விழும் என்பதால், எந்தத் திசை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. விழுந்து கிடக்கும் அரோரா விண்கப்பல் எப்போதும் கிழக்கில்தான் இருக்கும். திசைகாட்டி கிடைக்கும்வரை அதை வைத்தே வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொடிகளின் நடுவில் மஞ்சளாக ஒளிரும் விதைக் கொத்துகளைக் கையாலேயே பறிக்கலாம், கத்தி வேண்டாம். இரவில் அந்த ஒளி தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அங்கே ஸ்டாக்கர்கள் சுற்றும். அவை கடித்தால் வலிக்கும் என்றாலும் ஒரே கடியில் கொல்லாது. கொடியை ஒட்டியே மேலும் கீழும் நீந்துங்கள், திறந்த வெளியில் நிற்காதீர்கள்.

விதைக் கொத்து எத்தனை வேண்டும்? மூன்று. இந்தக் கணக்கு முக்கியம், ஏனென்றால் பலர் ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடிவந்து மறுபடி மறுபடி போகிறார்கள். ஒரு கொத்தில் 2 சிலிக்கான் ரப்பர் வரும். முதல் கொத்து ஃபின்ஸுக்கு (2 ரப்பர்). இரண்டாவது கொத்தின் ஒரு ரப்பர் கத்திக்கு, மற்றது ரிப்பேர் டூலுக்கு. மூன்றாவது கொத்தை ரப்பராக்காமல் லூப்ரிகன்ட் ஆக்குங்கள், அது சீகிளைடுக்கு.

ஃபின்ஸ் மாட்டியதும் வேகம் கூடுவது உடனே தெரியும். இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: கையில் ஏதாவது கருவி இருக்கும்போது நீங்கள் மெதுவாக நீந்துகிறீர்கள். கத்தியையோ ஸ்கேனரையோ பிடித்தபடி மேலே ஏறாதீர்கள். வேலை முடிந்ததும் கருவியை உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுங்கள். மூச்சு தீருகிற நேரத்தில் உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான். டேங்க் பெரிதானால் வேகம் சற்றுக் குறையும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் டேங்குகளைப் பையில் சுமந்துகொண்டு போகவும் வேண்டாம்.

ரிப்பேர் டூலுக்கு ரப்பர், டைட்டேனியம் தவிர 1 கேவ் சல்ஃபர் வேண்டும். புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். ஆழமற்ற பகுதிக் குகைகளில் சுவரில் ஒட்டிய பெரிய மொட்டு போன்ற செடிகள் இருக்கும். நெருங்கினால் அது திறந்து, உள்ளிருந்து கிராஷ்ஃபிஷ் பாய்ந்து வந்து வெடிக்கும். சல்ஃபர் இருப்பது அந்த மொட்டுக்குள். செய்ய வேண்டியது இதுதான்: குகை வாசலில் மூச்சை நிரப்பிக்கொண்டு, மொட்டு திறக்கும் அளவுக்கு மட்டும் நெருங்கி, திறந்த கணமே திரும்பிப் பார்க்காமல் வெளியே நீந்துங்கள். அது பின்னால் வந்து தானாக வெடித்துவிடும். பிறகு திரும்பிப் போய் மொட்டுக்குள் கையை விட்டு எடுங்கள். குறுகிய பொந்துக்குள் இருக்கும் மொட்டை விட்டுவிடுங்கள், ஓட இடம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ரிப்பேர் டூல் உடம்புக்கான அப்கிரேடு அல்ல என்று தோன்றும். ஆனால் லைஃப்பாட்டில் பழுதான ரேடியோவைச் சரிசெய்தால்தான் மற்ற லைஃப்பாட்களின் இடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கும். அவற்றைச் சுற்றி டேட்டா பாக்ஸ்களும் (வரைவு இருக்கும் பெட்டிகள்) ஸ்கேன் செய்யத் துண்டுகளும் கிடக்கும். கெல்ப் காட்டில் கிடக்கும் லைஃப்பாட் 3இல் திசைகாட்டிக்கான வரைவு கிடைக்கும். அதிக ஆழம் இல்லை, முதலில் அங்கே போவதே நல்லது.

இப்போது வெள்ளிக்கு வருவோம். தொடக்க ஆட்டத்தில் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். ஆழமற்ற பகுதியில் எவ்வளவு சுண்ணாம்புக் கட்டி உடைத்தாலும் வெள்ளி வராது. அதற்கு மணற்பாறைக் கட்டிகள் வேண்டும். பழுப்பு நிறத்தில் இருக்கும். உடைத்தால் வெள்ளி, தங்கம், ஈயம் மூன்றில் ஒன்று வரும். கெல்ப் காட்டுக் குகைகளிலும் அதைத் தாண்டிய சிவப்புப் புல்வெளியிலும் தேடுங்கள். சிவப்புப் புல்வெளியில் மணற்பாறை நிறையக் கிடைக்கும், ஆனால் தரை ஆழம். 75 விநாடி மூச்சோடு அங்கே போனால் இறங்கி ஒரு கட்டியை உடைப்பதற்குள் திரும்ப வேண்டும். அதனால் முதல் வெள்ளியைக் கெல்ப் குகையில் எடுத்துவிட்டு, பெரிய டேங்கோடு புல்வெளிக்குப் போவதுதான் சரியான வரிசை.

தொடக்கச் சாதனங்களுக்கு மொத்தம் 7 வெள்ளி வேண்டும். ஹை கெபாசிட்டி டேங்குக்கு 1. ஹாபிடட் பில்டர் (கடலடியில் அறை கட்டும் கருவி), ரீபிரீதர் (ஆழத்துக்கான முகமூடி), திசைகாட்டி மூன்றுக்கும் தலா ஒரு வயரிங் கிட். ஒரு கிட்டுக்கு 2 வெள்ளி. இதில் முதல் வெள்ளி டேங்குக்குத்தான், வேறு எதற்கும் அல்ல. கையில் இரண்டு வெள்ளி வந்ததும் ஆசைப்பட்டு வயரிங் கிட் ஆக்கிவிட்டால், டேங்குக்கு மறுபடி தேடப் போக வேண்டும், அதுவும் பழைய சின்ன மூச்சோடு.

அந்த டேங்குக்கு முழுப் பட்டியல்: 1 ஸ்டாண்டர்ட் டேங்க், 2 கண்ணாடி, 4 டைட்டேனியம், 1 வெள்ளி. ஒரு கண்ணாடிக்கு 2 குவார்ட்ஸ், ஆக 4 குவார்ட்ஸ். எல்லாம் இருந்தும் ஃபேப்ரிகேட்டர் செய்ய மறுக்கிறதா? பழைய டேங்க் இன்னும் உங்கள் முதுகில் இருக்கிறது. மாட்டியிருக்கும் பொருளை அது மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளாது. டேங்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் செய்யுங்கள். புதியதைச் செய்ததும் மறக்காமல் மாட்டுங்கள். மாட்டாமலே குதித்து 45 விநாடியில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

அடுத்தது சீகிளைடு. கையில் பிடித்துப் போகும் சிறிய மோட்டார். கெல்ப் காட்டிலும் ஆழமற்ற பகுதியிலும் சிதறிய கப்பல் பாகங்களுக்கு நடுவே இதன் துண்டுகள் கிடக்கும். இரண்டை ஸ்கேன் செய்தால் வரைவு திறக்கும். மூன்றாவதாகவும் ஒன்று தென்பட்டால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், தெரிந்த துண்டுக்கு 2 டைட்டேனியம் கொடுக்கும். செய்ய வேண்டியவை: 1 பேட்டரி, 1 லூப்ரிகன்ட், 1 காப்பர் வயர், 1 டைட்டேனியம். காப்பர் வயருக்கு 2 செம்பு. மூச்சைக் கூட்டுவதும் வேகத்தைக் கூட்டுவதும் கடைசியில் ஒரே பலனைத்தான் தருகின்றன: ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும் என்பது. பெரிய டேங்கும் சீகிளைடும் சேர்ந்தால் அந்தத் தூரம் பலமடங்காகும்.

100 மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜன் வேகமாகக் கரையும். டேங்க் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அழுத்தத்துக்கான விதி அது. ரீபிரீதரைத் தலையில் மாட்டினால் அந்தக் கூடுதல் செலவு நின்றுவிடும். வயரிங் கிட்டும் ஃபைபர் மெஷும் வேண்டும். மெஷுக்கு 2 கிரீப்வைன் துண்டு, அதைக் கத்தியால் வெட்ட வேண்டும். 100 மீட்டருக்கு மேலே இருக்கும்வரை ரீபிரீதரால் ஒரு பலனும் இல்லை. ஆழம் போகாதவர்கள் இதை அவசரமாகச் செய்ய வேண்டியதில்லை.

ஹாபிடட் பில்டருக்கு வயரிங் கிட்டோடு பேட்டரியும் கம்ப்யூட்டர் சிப்பும் சேரும். சிப்புக்கு 1 தங்கம், 1 காப்பர் வயர், 2 டேபிள் கோரல். டேபிள் கோரல் பாறைச் சுவரில் தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும், கத்தியால் அடித்தால் விழும். இதையும் நான் மூச்சுக்கான அப்கிரேடாகவே கருதுகிறேன். சிவப்புப் புல்வெளியின் விளிம்பில் ஒரு சின்ன அறை, ஒரு கதவு, ஒரு சோலார் பேனல் வைத்துவிட்டால் மேலே ஏறாமலே டேங்க் நிரம்பும். பேனலை வெளிச்சம் படும் ஆழத்தில் வையுங்கள். மின்சாரம் இல்லாத அறையில் காற்றை நம்பாதீர்கள்.

மணற்பாறை உடைக்கும்போது வரும் ஈயத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஆட்டம் தொடங்கி ஏறக்குறைய 46 முதல் 80 நிமிடத்துக்குள் அரோரா வெடிக்கும். அதன்பின் கப்பலருகே போக ரேடியேஷன் சூட் வேண்டும்: 2 ஃபைபர் மெஷ், 2 ஈயம். செய்தால் சூட், கையுறை, ஹெல்மெட் மூன்றும் வரும், மூன்றையும் மாட்டினால்தான் முழுப் பாதுகாப்பு. ஹெல்மெட்டும் தலைக்குத்தான் என்பதால் அதை மாட்டும்போது ரீபிரீதரைக் கழற்ற வேண்டியிருக்கும். சீமாத் என்ற சிறிய நீர்மூழ்கி வாகனத்துக்கும் 1 ஈயம் கேட்கும். ஆக 3 ஈயம் சேர்த்து வையுங்கள். கப்பலின் முனைப்பக்கமும் பின்பக்கமும் ரீப்பர்கள் என்ற பெரிய கொடிய உயிரினங்கள் சுற்றுகின்றன, பெரிய டேங்கும் சீகிளைடும் இல்லாமல் அந்தப் பக்கம் வேண்டாம்.

அல்ட்ரா கிளைடு ஃபின்ஸ், எடை குறைந்த டேங்க், 225 விநாடி தரும் டேங்க் என்று கேள்விப்பட்டு இப்போதே தேடத் தொடங்காதீர்கள். அவற்றுக்குச் சாதனங்களை மேம்படுத்தும் மாடிஃபிகேஷன் ஸ்டேஷன் வேண்டும், லித்தியம் வேண்டும். இரண்டும் ஆழத்தில் கிடைப்பவை. சீமாத் கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஹார்ட்கோர் முறையில் (ஒருமுறை செத்தால் ஆட்டமே முடிந்துவிடும்) விளையாடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: அதில் ஆக்சிஜன் எச்சரிக்கைக் குரல் வராது. இடது ஓரத்து எண்ணை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டேங்க் பாதியானதும், கையில் என்ன வேலை இருந்தாலும், திரும்பிவிடுங்கள்.