முள் ஆடினால் மீட்டர் போர்டை மாற்றணுமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம். இருபது வருஷம் தாண்டிய பிக்கப் ஒன்று ஓடுகிறது. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்தே நகர்கின்றன. ஸ்பீடாமீட்டருக்குக் கேபிள்தான், அந்த முள்ளும் ஓயாமல் துடிக்கிறது. சேலத்தில் பழைய சாமான் கடையில் இதே மாடல் மீட்டர் போர்டு வந்திருக்கிறது. வாங்கி நானே மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், பெரிய வித்தை இல்லை. ஆனால் கடைக்காரரிடம் பணத்தை நீட்டும் முன் மீட்டரிலிருந்து பேட்டரி வரை எட்டும் அளவுக்கு வயர் வாங்கி வாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு மீட்டர் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு முள் மட்டும் தப்புக் காட்டினால் அதன் சென்சாரையோ டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட்டையோ சந்தேகிக்கலாம். லைட் போட்டதும் இரண்டு முள்ளும் ஒன்றாக நகர்ந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு. உங்கள் ஊர்ப் பனியில் எர்த் போல்ட்டில் துருவும் களிம்பும் ஏறிவிடும். மீட்டரின் எர்த் வயரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் அந்த வயரைத் தற்காலிகமாக இழுத்துக் கட்டி லைட்டைப் போடுங்கள். முள் அசையாமல் நின்றால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். அதோடு தீர்ந்தது.

அப்படியும் நிற்கவில்லையா? சாவியைத் திருப்பி, இன்ஜினில் இருக்கும் டெம்பரேச்சர் சென்சாரின் வயரைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொட்டுப் பாருங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏறும். பாதி தாண்டியதும் எடுத்துவிடுங்கள். அது ஒழுங்காக ஏறி இறங்கினால் டெம்பரேச்சர் மீட்டர் நலம். டீசல் முள்ளுக்கு இதைச் செய்து குழம்ப வேண்டாம். எர்த் தொட்டால் சில வண்டியில் ஃபுல் காட்டும், சிலதில் காலி காட்டும்.

ஸ்பீடாமீட்டர் முள் துடிப்பது தனிக் கதை. பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ மடங்கியிருக்கும். உள்கம்பியை உருவித் துடைத்து கிரீஸ் தடவுங்கள். மேல் முனையில் ஒரு சாண் அளவுக்குத் தடவாமல் விடுங்கள். கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போனால் நல்ல மீட்டரும் பாழ்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் மீட்டர் போர்டையே கழற்ற வேண்டியதுதான். கடையில் இருப்பதை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். திருப்பி, பின்னால் இருக்கும் செம்புத் தகடுச் சர்க்யூட்டில் கீறலோ கருகலோ இருக்கிறதா என்று பாருங்கள். டயலில் பொடி எழுத்தில் ஒரு எண் இருந்தால் அது உங்கள் பழைய டயலில் உள்ளதோடு ஒத்துப்போகணும். கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற கணக்கு அது. மாறினால் வேகமும் பொய், கிலோமீட்டரும் பொய்.

கழற்றும் வேலையை வெயில் ஏறின பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக் காலைக் குளிரில் இருபது வருஷப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியதும் வயர் சாக்கெட்டுகளை போனில் படம் எடுங்கள். சுற்றுச் சட்டத்தின் ஸ்குரூக்களை எடுத்தபின், போர்டை முன்னால் இழுக்காமல் முதலில் கை விட்டு ஸ்பீடாமீட்டர் கேபிளை விடுவியுங்கள். பலர் இழுத்து உடைப்பது இங்கேதான்.

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதில் கை வைக்கும்போது கவனம். நம் ஊர் ஆட்கள் இன்னமும் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்நேட்டருக்கு முதல் தூண்டுதல் கரண்ட் பல வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் போனாலோ, அழகுக்கு எல்.இ.டி. போட்டாலோ சார்ஜ் ஏறாமலே போகலாம். மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டணும்.

பழைய மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், மாட்டியதில் எத்தனை, என்றைக்கு மாற்றினோம் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் பேச்சு வராது. கிலோமீட்டரைத் திருப்பி வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை, விட்டுவிடுங்கள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) உண்டு, ஸ்பீடாமீட்டர் ஓடாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.

கடைசியாக சோதனை. பெங்களூரு நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள்; மீட்டரும் பத்து ஓடியிருக்கணும். பிறகு லோடு இல்லாமல் மலை ஏறுங்கள். அடிவாரத்தில் டெம்பரேச்சர் முள் எங்கே நின்றது, இருபதாவது கொண்டை ஊசி வளைவில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் சரியாக இருந்தும் முள் வழக்கமான இடத்தைவிட மேலே நின்றால், புது மீட்டரும் பழைய சென்சாரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், இன்ஜின் நிஜமாகவே சூடாகியிருக்கவும் கூடும். இன்ஜின் சூடாகவில்லை என்று உறுதியானால் மீட்டரோடு வந்த மாடலுக்கான சென்சாரையும் வாங்கி மாட்டுங்கள்.