முதல் பட்டதாரிச் சலுகையுடன் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது; பெயர்பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம் என்பதுதான் என் பதில். உங்கள் வீட்டு நிலவரத்தை நீங்கள் எழுதவில்லை. ஆயினும் கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இருக்கிறதென்றால், தாத்தா பாட்டி தொடங்கி அண்ணன் அக்கா வரை எவரும் பட்டம் பெறாத குடும்பம் என்று பொருள். அத்தகைய வீட்டில் பல லட்ச ரூபாய் என்பது பெரும்பாலும் சேமிப்பிலிருந்து எடுத்துத் தரப்படுவதில்லை, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தே புரட்டப்படுகிறது என்று நானாகவே ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். வசதியுள்ளவராக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கானதன்று.

நான் 2012-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறி, சேர்க்கைக் கடிதமும் பளபளப்பான கையேடும் வந்துவிட்டன. தாய்மாமா அந்தக் கையேட்டை உறவினர் வீடுகளுக்கெல்லாம் எடுத்துச் சென்று காட்டினார். "கடன வாங்கியாவது சேத்து விடுங்க அத்தான், பேரு இல்லாத காலேஜ்ல படிச்சா எவன் மதிப்பான்?" என்று அப்பாவிடம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அன்பினால் சொன்னார் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடனில் அவர் கையெழுத்து எங்கும் இருக்கப்போவதில்லை.

விடுதியையும் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்கு ஒன்பது லட்சம் ரூபாய் வரை ஆகும் என்று கணக்குப் போட்டோம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணை தேவையில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் வேண்டும், அதற்கு மேல் சொத்தைக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய வங்கி நடைமுறை. எங்களிடம் இருந்த சொத்து குடியிருந்த வீடு ஒன்றுதான். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்போருக்கு மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு என்று சொல்லித் தேற்றினார்கள். அந்த மானியம் படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் மட்டுமே என்பதையும், அதன் பிறகு வட்டி முழுவதும் நம் தலையில்தான் என்பதையும் நாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பா பத்திரத்தை எடுக்கத் தயாராகத்தான் இருந்தார். அம்மாதான், தங்கை ஒருத்தி பின்னால் வருகிறாள் என்று நினைவூட்டினார்.

கலந்தாய்வில் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல் பிரிவை எடுத்தேன். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1952-இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. கல்விக் கட்டணமே ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் என்பதால், முதல் பட்டதாரிச் சலுகையால் மிச்சமானது சிறு தொகையே. உண்மையான மிச்சம் அது அரசுக் கல்லூரி என்பதில்தான் இருந்தது. சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், விடுதிக்குக் கிடையாது என்பதை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விடுதியில் மெஸ் கட்டணம் டிவைடிங் முறையில், மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து வரும். குறைகளும் இருந்தன. வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரி வளாகத்துக்கு வந்த நிறுவனங்கள் குறைவு, வந்தவையும் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள். நேர்காணலுக்குத் தயார்படுத்த ஆளில்லை. மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான் பயிற்சி.

2016-இல் எனக்கும் ஒரு மென்பொருள் வேலை கிடைத்தது, ஆனால் பணியில் சேரும் தேதியை அவர்கள் தள்ளிக்கொண்டே போனார்கள். நான் வேண்டாமென்று விட்டதைப் போன்ற ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கடன் வாங்கிப் படித்த பள்ளி நண்பன் ஒருவனுக்கும் அதே நிலைதான். அவனுக்குக் கடன் தவணை தொடங்கவிருந்ததால், கிடைத்த கால் சென்டர் வேலையில் உடனே சேர வேண்டியிருந்தது. எனக்கு அந்த நெருக்கடி இல்லாததால் வந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டு, வீட்டில் அமர்ந்து, முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான தேசியத் தேர்வான கேட் தேர்வுக்குப் படித்தேன். பின்னர் கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. சேர்ந்தேன். 1794-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியைவிடப் பெரிய பெயரை மாமாவும் கேட்டிருக்க மாட்டார். அங்கே கட்டணத்துக்காகக் கடன் வாங்கும் நிலை வரவில்லை. கேட் வழியாகச் சேர்ந்தவன் என்பதால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைத்தது. கடனில்லாமல் படிப்பதன் பயன், படிக்கும் நான்கு ஆண்டுகளைவிட அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் தெரிகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

உடனே சிலர், "உன் நண்பன் இன்று நன்றாகத்தானே இருக்கிறான்" என்று கேட்பார்கள். ஆம், நன்றாகத்தான் இருக்கிறான், அவனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. பெயருக்கு மதிப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பெரிய பெயர் எல்லாமே பெரிய கட்டணம் என்பதும் தவறு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் முழுவதும், 1 முதல் 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடியாகிறது. அத்தகைய இடம் கிடைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நான் எடுத்துக்கொண்டதால், தங்கை சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தபோது அவளுக்கு அது கிடைக்கவில்லை. என் கட்டணத்தில் அந்தச் சலுகை மிச்சப்படுத்தியது சொற்பம். அவளுக்குக் கிடைத்திருந்தால் பெருந்தொகை மிச்சமாகியிருக்கும். உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் இதையும் வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்றால், 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நாங்கள் படித்ததைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அது கிடையாது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மாணவியாக இருந்தால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். உதவித்தொகைகள் பெரும்பாலும் தாமதமாகவே வரும் என்பதால், முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், அது போய்விடுமே என்பதற்காக அங்கேயே சேர்ந்துவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகு விலகினால், நாள் செல்லச் செல்லத் திரும்பி வரும் பங்கு குறையும். அசல் சான்றிதழ்களை அவர்கள் வைத்துக்கொள்ளவும் கூடாது. விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்புங்கள்.